சிறு விமானத்தில் இரண்டு மடக்கு சைக்கிளும் ஒரு கூடாரமும்: நான் பட்ட பாடு

சிறு விமானத்தில் போய் ஒரு புல்வெளி ஓடுபாதையில் இறங்க வேண்டும், இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கிவிட்டு வர வேண்டும் என்பது எனக்கும் தம்பிக்கும் நெடுநாள் ஆசை. அமெரிக்காவில் ஆஷ்கோஷ் என்ற ஊரில் 1970 முதல் நடந்துவரும் விமானத் திருவிழாவின் படங்களில், வரிசையாக நிற்கும் சின்ன விமானங்களின் இறக்கை நிழலில் கூடாரங்களும் பக்கத்தில் மடக்கு சைக்கிள்களும் இருப்பதைப் பார்த்ததிலிருந்து வந்த ஆசை. சைக்கிள் ஏன் என்றால், சிறு விமானக்காரர்களுக்குப் பெரிய தலைவலியே இறங்கிய பிறகுதான். இந்த மாதிரி ஓடுபாதைகள் ஊருக்கு எட்டு பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பஸ் இருக்காது, வண்டி பிடிக்க ஆள் இருக்காது. வானத்தில் ஒரு மணி நேரத்தில் 200 கிலோமீட்டர் பறந்து வந்தவன், தண்ணீர் வாங்க இரண்டு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். மடக்கு சைக்கிள் இருந்தால் இந்தக் கஷ்டம் தீரும். அது உண்மைதான். ஆனால் அந்த சைக்கிளை விமானத்தில் ஏற்றிப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் ஒரு நாள் முழுக்க வீணானது, இருவருக்கும் ஒரு நாள் சம்பளம் போனது, ஆறு மாதம் பறப்பதற்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் ஒரே பில்லில் கரைந்தது. அதைவிட, உயிருக்கே ஆபத்து வந்திருக்கும். அடுத்து இப்படிக் கிளம்புகிறவருக்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நாங்கள் போனது வாடகைக்கு எடுத்த செஸ்னா 172. நான்கு சீட், இறக்கை மேலே இருக்கும், உலகத்தில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட சிறு விமானம். நான்கு சீட் என்றதும் நான்கு பேரும் சாமானும் போகலாம் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குக் கிடைத்த விமானத்தின் காலி எடை 680 கிலோ. கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 1,043 கிலோ. ஆக மனிதர், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து 363 கிலோதான். இரண்டு டேங்கையும் நிரப்பினால் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 151 லிட்டர். விமான பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.72 கிலோ என்பதால் அதுவே 109 கிலோ ஆகிவிடும். நானும் தம்பியும் உடை, ஷூவோடு 156 கிலோ. மீதி 98 கிலோ. "சைக்கிள் ரெண்டு, டென்ட், துணிமணி எல்லாம் சேர்ந்தாலும் 60 கிலோவைத் தாண்டாது" என்று மனக்கணக்கு போட்டேன். சைக்கிள் விளம்பரத்தில் 11 கிலோ என்று போட்டிருந்தான், இரண்டுக்கு 22. கூடாரத்துக்கு ஒரு மூன்று. மற்றதெல்லாம் சும்மா சில்லறை. இதே எடைகளை வைத்துத்தான் கிளம்புவதற்கு முன் பூர்த்தி செய்ய வேண்டிய லோடு ஷீட்டையும் எழுதினேன். ஒரு பொருளையாவது தராசில் வைத்துப் பார்த்தேனா என்றால், இல்லை. இதுதான் முதல் தப்பு. பின்னால் வந்த பாதித் தொல்லைகளுக்கு இதுவே வேர்.

விடியற்காலையில் விமானத்தின் பக்கத்தில் காரை நிறுத்தி ஏற்ற ஆரம்பித்தோம். சாமான் அறைக்கு இடது பக்கத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. அகலம் சுமார் 39 சென்டிமீட்டர், உயரம் 56. எங்கள் சைக்கிள் 16 அங்குலச் சக்கரம் கொண்டது. மடக்கினால் 27 சென்டிமீட்டர் தடிமன், 58 உயரம், 64 நீளம். அந்த இரண்டு சென்டிமீட்டருக்காக முக்கால் மணி நேரம் போராடினோம். நிமிர்த்திப் பார்த்தோம், படுக்க வைத்துப் பார்த்தோம், சீட் கம்பத்தைக் கழற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் ஹேண்டில்பாரின் மூட்டு கதவின் மேல் விளிம்பில் வந்து இடித்தது. கடைசியில் முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, அதன் முதுகைச் சாய்த்து, பெரிய கதவு வழியாகத்தான் உள்ளே ஏற்ற முடிந்தது. ஒன்று பின் சீட்டின் முதுகுக்கு மேலாகப் போய்ச் சாமான் அறையில் விழுந்தது. மற்றது பின் சீட்டில் உட்கார்ந்தது. கதவு நிலையில் பெயிண்ட் உரிந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. சைக்கிள் வாங்குவதற்கு முன்பே உங்கள் விமானத்தின் கதவை டேப் வைத்து அளந்துவிடுங்கள். அளந்தது போதும் என்று விட்டுவிடாமல், அதே அளவில் ஒரு அட்டைப் பெட்டி செய்து உள்ளே நுழைத்தும் பாருங்கள். கதவுக்குள் நுழைவது ஒரு பிரச்சினை, நுழைந்த பிறகு உள்ளே திருப்புவது இன்னொரு பிரச்சினை. 20 அங்குலச் சக்கர சைக்கிள் ஓட்ட சுகமாக இருக்கும், ஆனால் மடக்கினாலும் பெரிதாகவே இருக்கும். சிறு விமானத்துக்கு 16 அங்குலமே மேல் என்பது என் கருத்து. பின் சீட்டைக் கழற்றிவிட்டால் எல்லாம் எளிது என்று சிலர் சொல்வார்கள், அதுவும் சரிதான். ஆனால் சீட்டைக் கழற்றினால் விமானத்தின் காலி எடையும் ஈர்ப்பு மையமும் (மொத்தப் பாரமும் சமமாக நிற்கும் புள்ளி) மாறிவிடும். மெக்கானிக்கிடம் கேட்டு, புதுக் கணக்கை விமானத்தின் ஆவணத்தில் ஏற்றிய பிறகே அப்படிப் பறக்க வேண்டும். வாடகை விமானம் என்றால் உரிமையாளரின் அனுமதியும் வேண்டும்.

கிளம்பும்போதே ஒரு வித்தியாசம் தெரிந்தது. வழக்கமாக நானும் இன்னொருவரும் மட்டும் போகும்போது, ஓடுபாதையில் வேகம் பிடித்த பிறகு மூக்கைத் தூக்கக் கைப்பிடியை நன்றாக இழுக்க வேண்டும். அன்று லேசாகத் தொட்டதுமே மூக்கு எழுந்தது. மேலே போன பிறகும் ட்ரிம் சக்கரத்தை, அதாவது மூக்கு ஒரே நிலையில் நிற்கச் சரிசெய்யும் சக்கரத்தை, வழக்கத்தைவிட வெகுவாக முன்னால் சுற்ற வேண்டியிருந்தது. பின்னால் பாரம் அதிகம் என்று விமானமே சொல்கிற மொழி அது. பாரம் பின்னால் போகப் போகக் கைப்பிடி இலகுவாகும், விமானம் தானாக நிலைக்குத் திரும்பும் குணம் குறையும். எல்லையைத் தாண்டிப் பின்னால் போனால், வேகம் குறைந்து ஸ்டால் ஆகும்போது (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்போது) மூக்கைக் கீழே கொண்டுவர முடியாமலே போகலாம். எனக்கு அப்போது உறுத்தியது. "சரி, சாமான் இருக்கிறது, அப்படித்தான் இருக்கும்" என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு போய்க்கொண்டே இருந்தேன். அந்த உறுத்தலுக்கு மதிப்புக் கொடுத்து அப்போதே திரும்பி வந்து இறங்கியிருக்க வேண்டும்.

6,500 அடியில் போய்க்கொண்டிருந்தோம். கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தம்பி ஹெட்செட்டில் மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, பெட்ரோல் வாசனை வருது." முதலில் எனக்குத் தெரியவில்லை. காற்றோட்டத் துளையிலிருந்து முகத்தை விலக்கி மூச்சை இழுத்தேன், வந்தது. ஒற்றை என்ஜின் விமானத்தில் பறந்துகொண்டிருக்கும்போது பெட்ரோல் வாசனை வருவதைவிடப் பயமான விஷயம் அதிகம் இல்லை. எங்கேயோ எரிபொருள் குழாய் கசிகிறது என்றுதான் மனம் முதலில் போகும். டேங்க் இறக்கையில், தலைக்கு மேலே இருக்கிறது. குழாய் கதவு நிலை வழியாகவே கீழே இறங்குகிறது. என் கை வியர்த்துக் கைப்பிடி வழுக்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஹீட்டர் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன், காற்றோட்டத் துளைகளை எல்லாம் முழுக்கத் திறந்தேன், தேவையில்லாத எந்த ஸ்விட்சையும் தொடாதே என்று தம்பியிடம் சொன்னேன். ரேடியோவில் நிலைமையைச் சொல்லி, பக்கத்தில் இருந்த விமான நிலையத்துக்குத் திரும்பினேன். இறங்க இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடமும் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வலது கை கதவுப் பிடியிலேயே இருந்தது.

இறங்கி என்ஜினை நிறுத்தியதும் இருவரும் வெளியே ஓடினோம். அங்கே இருந்த மெக்கானிக் ஐயா என்ஜின் மூடியைத் திறந்தார், வடிகட்டியைப் பார்த்தார், டேங்கின் கீழ்ப்பகுதியையும் குழாய் மூட்டுகளையும் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மூன்று மணி நேரம் தேடியும் ஒரு சொட்டுக் கசிவு கிடைக்கவில்லை. பிறகு அவரே கேட்டார்: "தம்பி, உள்ள என்ன வச்சிருக்கீங்க? எல்லாத்தையும் வெளிய எடுங்க." எடுத்தோம். அடுப்புப் பையைத் தூக்கும்போதே அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. முகாம் அடுப்புக்கு என்று ஒரு அலுமினிய பாட்டிலில் முக்கால் லிட்டர் பெட்ரோல் நிரப்பி, பம்ப்பையும் அதில் மாட்டியே வைத்திருந்தேன். தரையில் அது கசியவே இல்லை. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், 8,000 அடியில் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் இருக்கும். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்றும் ஆவியும் அந்த வித்தியாசத்தில் வெளியே தள்ளும். சரியாக இறுகாத பம்ப் மூட்டு வழியாகப் பெட்ரோல் ஊறி, கீழே இருந்த ஸ்லீப்பிங் பேக்கை நனைத்திருந்தது. அந்தப் பையை இடுக்கில் திணித்திருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, என் கேமரா பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்: அடுப்புக்கான திரவ எரிபொருளை விமானத்துக்குள் ஏற்றாதீர்கள். காலி பாட்டிலை நன்றாகக் காய வைத்து, மூடியைத் திறந்தபடி கொண்டுபோய், போகிற இடத்தில் வாங்கி நிரப்புங்கள். கேஸ் சிலிண்டரும் அப்படித்தான், பயணிகள் விமானத்தில் அதற்கு அனுமதியே கிடையாது. தனியார் சிறு விமானத்துக்கான விதி நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் நெருப்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். மின்சார மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பயணிகள் விமானங்களில் 100 வாட்-மணி வரையிலான லித்தியம் பேட்டரியைக் கையில் கொண்டுபோகலாம், 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு கொண்டுபோகலாம், அதற்கு மேல் முடியாது. மின்சார சைக்கிளின் பேட்டரி சாதாரணமாகவே 250-க்கு மேல் இருக்கும். அது தீப்பிடித்தால், நான்கு சீட் விமானத்தில் தூக்கி எறிய வழியும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. அதே மாதிரி, கரடிக்கு அடிக்கும் மிளகு ஸ்ப்ரே. அலாஸ்காவில் சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் அதை உள்ளே வைக்காமல் வெளியே, தண்ணீரில் இறங்கும் விமானத்தின் மிதவையில் கட்டிக் கொண்டுபோவார்கள். உள்ளே ஒரு முறை கசிந்தால் விமானிக்குக் கண் தெரியாது. திரவமாகவோ அழுத்தத்திலோ இருக்கிற எந்தப் பொருளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஷாம்பு, சன்ஸ்கிரீன் போன்றவற்றைக் கட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுவிடுங்கள்.

சைக்கிள் டயருக்கு மட்டும் பயப்பட வேண்டாம். மேலே போனால் வெடித்துவிடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நான் நான்கு டயரிலும் காற்றை முழுக்க இறக்கியிருந்தேன். அழுத்தம் கால் பங்கு குறைந்தால் டயருக்குக் கூடுவது கால் பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), ஆறு ஏழு பார் தாங்கும் டயருக்கு அது ஒன்றுமே இல்லை. காற்று மெத்தையின் மூடியைத் திறந்து வையுங்கள், அது போதும்.

மெக்கானிக் ஐயா அதோடு விடவில்லை. கொட்டகைக்குள் போய் ஒரு கொக்கித் தராசை எடுத்து வந்து, "எல்லாத்தையும் ஒன்னொன்னா மாட்டுங்க" என்றார். மாட்டினோம். தம்பி ஒரு அட்டையில் எழுதினான். 11 கிலோ என்று நான் நம்பியிருந்த சைக்கிள், கேரியர், விளக்கு, மட்கார்டு, பூட்டு, உறையோடு 13.6 கிலோ. மற்றது 14.2. மூன்று கிலோ என்று நினைத்த கூடாரம் 5.1. பத்து லிட்டர் தண்ணீர் கேன், சொல்லவே வேண்டாம், பத்து கிலோவுக்கு மேல். இருவரின் துணிப்பைகள் 11. விமானத்தைத் தரையில் கட்டும் முளைகள், கயிறு, சக்கரத்தடை, மேலே போர்த்தும் உறை, ஒரு கேன் ஆயில் எல்லாம் சேர்த்து 8 கிலோ, இதை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. மடக்கு நாற்காலி இரண்டு, பாத்திரம், டூல்ஸ், உணவுப் பொட்டலம் என்று போய் மொத்தம் 87 கிலோவில் நின்றது. நான் லோடு ஷீட்டில் எழுதியது 60.

அந்த அட்டையை வைத்து உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். மொத்த எடை 1,032 கிலோ, எல்லைக்குள் 11 கிலோதான் பாக்கி. ஈர்ப்பு மையம் நல்ல வேளையாக எல்லைக்குள் இருந்தது, முன் சீட்டில் இருவரும் கனமானவர்கள் என்பதால். ஆனால் சாமான் அறைக்கு என்று தனி வரம்பு உண்டு, அதை நான் கவனிக்கவே இல்லை. 172-இல் அது மொத்தம் 54 கிலோ, நான் ஏற்றியது 71. மொத்த எடை சரியாக இருந்தால் போதும் என்பது தவறு. மூன்று கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்: மொத்தம் எவ்வளவு, ஈர்ப்பு மையம் எங்கே, அந்தந்த இடத்தின் தளம் எவ்வளவு தாங்கும். அந்த அறைக்குள்ளேயும் வால் பக்கம் இருக்கும் பின்பகுதிக்கு 23 கிலோ என்று இன்னொரு சின்ன வரம்பு இருக்கிறது. இதெல்லாம் விமானத்தின் கையேட்டில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது, கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியும் இருக்கிறது. அன்று காலையில் முக்கால் மணி நேரம் அந்தக் கதவோடு போராடியபோதும் அந்த ஸ்டிக்கரை நான் படிக்கவில்லை.

அப்புறம் ஐயா சொன்னபடி மாற்றி அடுக்கினோம். தண்ணீரைக் கொட்டினோம், பெட்ரோல் ஊறிய ஸ்லீப்பிங் பேக்கைத் தூக்கிப் போட்டோம், நாற்காலியையும் ஒரு பூட்டையும் அவர் கொட்டகையில் விட்டோம். இரண்டு சைக்கிளும் பின் சீட்டுக்கு வந்தன. கனமும் அடர்த்தியுமான பொருள் முன்னால், இலேசும் பருமனும் பின்னால் என்பதுதான் முறை. பின் சீட்டில் இன்னொரு வசதி, அங்கே பெல்ட் இருக்கிறது. நான் காலையில் சைக்கிளைக் கட்டியிருந்தது கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால். அதைக் கையில் இழுத்துக் காட்டி, "இது இழுத்தா நீளுது பாருங்க, இது கட்டு இல்ல" என்றார். சிறு விமானங்களை வடிவமைக்கும்போது, அவசரமாக மோதி இறங்கினால் உள்ளே இருப்பவர்களை முன்னோக்கி 9 மடங்கு விசை தள்ளும் என்று வைத்துத்தான் கணக்கிடுவார்கள். 13 கிலோ சைக்கிள் அந்த நொடியில் 117 கிலோவாக என் பின் மண்டையை நோக்கி வரும். அதனால் ரப்பர் வேண்டாம், நீளாத நைலான் பட்டை, ராட்செட் வைத்தது. சட்டத்தின் நடுவில் ஒரு சுற்று, சக்கரத்தின் வழியே ஒரு சுற்று, தரையில் இருக்கும் வளையத்தில் முடிச்சு. கட்டிய பிறகு சைக்கிளைப் பிடித்து ஆட்டினால் விமானமே ஆட வேண்டும், சைக்கிள் மட்டும் ஆடக் கூடாது. அப்போதுதான் பின் ஜன்னலைப் பார்த்தேன். வழியில் வெயில் ஏறி விமானம் குலுங்கியபோது பிரேக் லீவர் ஜன்னலில் இடித்து இடித்து, ஒரு விரல் நீளத்துக்குக் கீறலும் அதன் முனையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலும் விட்டிருந்தது. விமானத்தின் ஜன்னல் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். காய்ந்த துணியால் துடைத்தாலே கீறல் விழும். பழைய போர்வை ஒன்றை சைக்கிளுக்குச் சுற்றியிருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது. பெடலைக் கழற்றி, லீவர் இரண்டுக்கும் பழைய சாக்ஸ் மாட்டிவிடுங்கள். செயின் கிரீஸும் சீட்டில் படாது.

இன்னொரு சின்ன விஷயம். கைபேசியை ஹேண்டில்பாரில் ஒட்டும் காந்தப் பிடியைப் பையோடு டாஷ்போர்டு மேல் வைத்திருந்தேன். திசைகாட்டி இருபது டிகிரி தள்ளிக் காட்டியது. காந்தம் இருக்கிற எதுவும் முன்பக்கம் வரக்கூடாது.

அன்று மாலைதான் போய்ச் சேர்ந்தோம், ஒரு நாள் போய்விட்டது. ஆனால் போய்ச் சேர்ந்த இடம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மலையடிவாரத்தில் 800 மீட்டர் புல் ஓடுபாதை, கடல் மட்டத்திலிருந்து 2,000 அடி. விமானம் ஒன்றுகூட இல்லை. சைக்கிளை விரித்து, கனமான புல்லில் அந்தச் சின்னச் சக்கரம் உருளாததால் சாலை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அப்புறம் ஒன்பது கிலோமீட்டர் மிதித்து ஊருக்குப் போய் வந்தோம். இருட்டும் நேரத்தில் திரும்பி வரும்போது தூரத்தில் எங்கள் விமானம் வெள்ளையாகத் தெரிந்தது. தம்பி மிதிப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பட்ட கஷ்டமெல்லாம் அந்த நிமிடத்தில் மறந்துபோனது.

இரண்டாம் இரவு காற்றும் மழையும். விமானத்தைக் கட்டிய முளைகளில் ஒன்று ஈர மண்ணில் பாதி வெளியே வந்துவிட்டது. நள்ளிரவில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சற்றுத் தள்ளி வேறு இடத்தில் சாய்வாக அடித்துக் கட்டினோம். கூடார முளை வேறு, விமான முளை வேறு. எடை குறைக்கிறேன் என்று அந்த 8 கிலோவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

திரும்பும் நாளில்தான் நான் யோசித்தே பார்க்காத சிக்கல் வந்தது. வரும்போது போட்ட கணக்கு திரும்பும்போது செல்லாது. நனைந்த கூடாரத்தைத் தராசில் மாட்டினேன் (அந்தத் தராசை ஐயா எங்களிடமே கொடுத்தனுப்பியிருந்தார்), 5.1 கிலோவாக இருந்தது 8.4 கிலோ ஆகியிருந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம், வெயில் 33 டிகிரி. விமானக் கணக்குகளின் பொது அளவுப்படி 2,000 அடி உயரத்தில் இருக்க வேண்டிய வெப்பம் 11 டிகிரி. ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் 120 அடி சேர்த்தால், விமானத்துக்கு அது 4,600 அடிக்கு மேல் இருக்கிற மெல்லிய காற்று, எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். கையேட்டுப்படி எங்கள் எடைக்கு கிளம்பி 50 அடி உயரத் தடையைத் தாண்ட 480 மீட்டர் வந்தது. கையேட்டு எண் என்பது புது விமானத்தில், காய்ந்த தார் ஓடுபாதையில், தேர்ந்த விமானி எடுத்தது. ஈரப் புல்லுக்கு 1.3 மடங்கு, அதற்கு மேல் பாதுகாப்புக்கு 1.33 மடங்கு போட வேண்டும் என்று பிரிட்டன் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வழிகாட்டி சொல்கிறது. பெருக்கினால் 830 மீட்டர். ஓடுபாதை 800. மறுநாள் விடியலில் 17 டிகிரிக்குக் கணக்குப் போட்டால், பனி ஈரத்தையும் சேர்த்தே 743 வந்தது. தம்பியிடம் காட்டினேன். அவன் அலுவலகத்துக்குப் போன் போட்டு லீவு சொன்னான். நானும் சொன்னேன்.

அந்த இரவு தூக்கம் வராமல், முதல் திட்டப்படி நிற்காமல் நேராக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். 87 கிலோ சாமான், டேங்கில் மீதி 87 லிட்டர். மதியக் கணக்கில் 530 மீட்டர், மடங்குகளைச் சேர்த்தால் 916. இறங்கியிருப்போம். மதியமே கிளம்பவும் முயன்றிருப்பேன். ஓடுபாதையின் கடைசியில் மரங்கள் இருந்தன. வழியில் இறங்கிய நிலையத்திலிருந்து போன இரண்டாம் கட்டத்துக்கு மெக்கானிக் ஐயா எரிபொருளையும் அளந்து, போய் வரத் தேவையானதும் முக்கால் மணி நேரக் கூடுதலும் மட்டும் வைக்கச் சொன்னதால்தான், திரும்பக் கிளம்பும்போது டேங்கில் 52 லிட்டரோடு இலேசாக இருந்தோம். எரிபொருள் நிறைய இருப்பது எப்போதும் நல்லது என்று பழகியவனுக்கு இது புதிது. குறைத்து ஏற்றி, வழியில் ஒரு முறை நின்று நிரப்பிக்கொள்வது சாமானோடு போகும் பயணத்துக்குப் பொருத்தம். முக்கால் மணி நேரக் கூடுதலில் மட்டும் கை வைக்கக் கூடாது.

காலை ஆறே காலுக்குக் கிளம்பினோம். பாதி ஓடுபாதையில், தூக்கும் வேகத்தில் எழுபது சதவீதம் வரவில்லை என்றால் நிறுத்திவிடுவேன் என்று முன்பே பேசிவைத்து, அந்த இடத்தில் புல்லின் ஓரமாகத் தம்பியின் சிவப்புத் துண்டை நட்டு வைத்தோம். வேகம் வந்துவிட்டது. துண்டு இன்னும் அங்கேதான் இருக்கும்.

வீடு வந்த பிறகுதான் பண விவகாரம். பின் ஜன்னலை மாற்றினார்கள், அக்ரிலிக், கூலி, சான்று எல்லாம் என் தலையில். ஒன்பது நாள் விமானம் நின்றதற்கு நஷ்ட ஈடு. ஒரு நாள் தாமதமாகத் திரும்பியதற்குக் கூடுதல் வாடகை, பறக்காவிட்டாலும் நாளுக்கு இத்தனை மணி நேரம் என்று குறைந்தபட்சக் கட்டணம் உண்டு என்பதை ஒப்பந்தத்தில் நான் வாசித்திருக்கவில்லை. மெக்கானிக் ஐயா அவர் மூன்று மணி நேர உழைப்புக்கு மட்டும் வாங்கிக்கொண்டார், தராசுக்கு வாங்க மறுத்துவிட்டார். வாடகைக்கு எடுப்பவர்கள் மூன்றை முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்: புல் ஓடுபாதையில் இறங்க அனுமதி உண்டா, உள்ளே சேதம் ஆனால் காப்பீடு தருமா, வானிலையால் தாமதமானால் வாடகை எப்படி.

ஐந்து மாதம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே விமானத்தின் பக்கத்தில் போய் ஒரு முறை முழுக்க ஏற்றி, கட்டி, புகைப்படம் எடுத்து, இறக்கினோம். தண்ணீர் காலி கேனாக வந்தது, அடுப்புப் பாட்டில் காய்ந்து திறந்தபடி வந்தது. சைக்கிள் இரண்டும் போர்வை சுற்றிப் பின் சீட்டில். சாமான் அறைக்குப் போக வேண்டியவற்றைத் தம்பி ஒவ்வொன்றாகத் தராசில் மாட்டிக் கூட்டிக்கொண்டே வந்தான். கடைசிப் பையை மாட்டியதும் நிமிர்ந்து பார்த்தான். "அண்ணா, 52.3. கூடாரம் நனைஞ்சா 55 ஆயிடும்." ஒரு நாற்காலியைக் கழற்றிக் கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டு வந்தான்.